யாரைப் பின்செல்வது?

தவக்காலத்து ஞாயிறு ஒன்றில் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்தோம். விழுப்புரத்தில் கல்லூரிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் உள்ள இளைஞர் ஒருவர், நம் பங்கின் இளையோர் குழுவிற்குச் செயலாளர், கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். "சாமி, இதுல யார் யாரப் பின்தொடரலாம், யார விட்டுடணும்னு ஒரு பட்டியல் போட்டுக் குடுங்க. நம்ம பசங்களுக்கு நானே அனுப்பிடுறேன்" என்றார்.

அவர் பின்தொடர்ந்த கணக்குகள் நானூற்றுக்கும் மேல். திரைக்கலைஞர், துடுப்பாட்ட வீரர், அரசியல் பேச்சாளர், சாதிச் சங்கத் தலைவர், வேலைவாய்ப்புச் செய்தி தருவோர், மறையுரையாளர் என்று அந்த வரிசை நீண்டுகொண்டே போயிற்று. அவற்றுள் இரண்டு பக்கங்களை அவர் தனியே எடுத்துக் காட்டினார். இரண்டும் நம் பகுதித் திருச்சபையின் பழங்கதையைச் சொல்வன. முதற்பக்கத்தின்படி, நம் மண்ணுக்கு வந்த மறைப்பணியாளர் அனைவரும் புனிதர். குறை என்று ஒரு சொல்லும் இல்லை. மற்றதன்படி, அவர்கள் அனைவரும் கோயில் இடித்தவர். நன்மை என்று ஒரு சொல்லும் இல்லை. "ரெண்டுமே ஆதாரம் காட்டுறாங்க சாமி. எத நம்புறது?" என்று கேட்டார்.

பட்டியல் தருவது எளிது. பத்து நல்ல பெயர்களை எழுதிக் கொடுத்திருந்தால் அவரும் மகிழ்ந்திருப்பார், நமக்கும் வேலை முடிந்திருக்கும். ஆனால் அந்த இரண்டாம் கேள்வி நம்மைத் தடுத்து நிறுத்தியது. யாருடைய சொல்லைக் கேட்பது, யாரைப் பின்செல்வது என்ற சிக்கல் கைப்பேசியோடு பிறந்ததன்று. திருச்சபை தன் முதல் நூற்றாண்டுகளிலேயே அதனைச் சந்தித்தது. நம் செஞ்சி, திண்டிவனம், புதுச்சேரி நிலப்பரப்பும் இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தது. அவ்விளைஞருக்கு நாம் பின்னர்ச் சொன்னவற்றையும், சொல்லத் தயங்கியவற்றையும் இங்கே வாசகர் முன் வைக்கின்றோம்.

இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கி.பி. 144 அளவில், உரோமைக் கிறிஸ்தவக் கூட்டத்தினின்று விலக்கப்பட்டவர் மார்சியன். அவர் பழைய ஏற்பாட்டை முற்றிலும் தள்ளினார். நற்செய்திகளுள் லூக்காவை மட்டும் வைத்துக்கொண்டு, அதிலும் தம் கருத்துக்கு ஒவ்வாத பகுதிகளை வெட்டினார். பவுலின் மடல்களுள் பத்தை மட்டும் ஏற்றார். தமக்குப் பிடித்த குரலை மட்டும் ஒலிக்கவிட்டு மற்றவற்றை அடைத்துவிடும் வழக்கத்திற்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு. சில பத்தாண்டுகள் கழித்துச் சிரியா நாட்டவரான தாசியன் வேறொரு வழியைக் கண்டார். நான்கு நற்செய்திகளையும் கலந்து, முரண்கள் தெரியாவண்ணம் ஒரே கதையாகத் தொகுத்தார். படிக்க எளிதாயிருந்த அத்தொகுப்பு ஐந்தாம் நூற்றாண்டு வரையில் சிரிய மொழித் திருச்சபைகளில் பெருவழக்காயிருந்தது.

திருச்சபை இவ்விரு வழிகளையும் கைக்கொள்ளவில்லை. கி.பி. 180 அளவில் லியோன் நகர ஆயர் புனித இரனேயு, நற்செய்தி நான்கே, குறையவும் வேண்டா, கூடவும் வேண்டா என்று வாதிட்டார். கி.பி. 367இல் அலெக்சாந்திரியா ஆயர் புனித அத்தனாசியு எழுதிய உயிர்ப்புப் பெருவிழா மடலில், இன்று நாம் வாசிக்கும் புதிய ஏற்பாட்டு நூல்கள் இருபத்தேழும் அப்படியே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. எந்த அளவுகோலால் அவை தெரிந்துகொள்ளப்பட்டன? திருத்தூதரின் காலத்தோடும் சான்றோடும் தொடர்புடையதா, எல்லா இடத்துத் திருச்சபைகளிலும் வாசிக்கப்படுவதா, பெற்றுக்கொண்ட நம்பிக்கையோடு ஒத்துச் செல்வதா என்று கேட்டனர். படிப்பவருக்கு இனிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

இதில் நாம் எளிதில் கடந்துபோகும் ஒன்று உண்டு. ஆண்டவரின் பாடுகளைப் பற்றி நான்கு சாட்சிகள் நான்கு விதமாகச் சொல்கின்றனர். ஒருவர் சொல்வதை மற்றவர் சொல்வதில்லை. பேதுருவின் மறுதலிப்பை நால்வருமே மறைக்காது எழுதிவைத்தனர். தலைமைத் திருத்தூதரின் வீழ்ச்சியை நீக்கிவிட்டு நற்செய்தி எழுதுவது அன்று எளிதாயிருந்திருக்கும். அவ்வாறு எழுதப்படாததை நாம் பெருமையாகவே கருத வேண்டும்.

இரண்டாவதாக, திருச்சபை நேரடியாகவே ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தது. அச்சு இயந்திரம் வந்தபின் நூல்கள் வெள்ளமெனப் பெருகின. 1559இல் திருத்தந்தை நான்காம் பவுல் காலத்தில் விலக்கப்பட்ட நூல்களின் அட்டவணை உரோமையில் வெளியாயிற்று. திரிதெந்தின் பொதுச்சங்கத்திற்குப் பின் 1564இல் அது திருத்தப்பட்டது. கடைசிப் பதிப்பு 1948இல் வந்தது. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் அதன் சட்ட வலிமை முடிவுக்கு வந்தது. நானூறு ஆண்டுகள்! மக்களின் நம்பிக்கையைக் காக்க வேண்டும் என்ற கவலையில்தான் அது பிறந்தது. அக்கவலையை நாம் ஏளனம் செய்யோம். எனினும் விளைவுகளையும் பார்க்க வேண்டும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாதிட்ட கலிலேயோவின் நூல் 1835ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அப்பட்டியலினின்று நீங்கியது.

நம் பங்குகளில் பலரும் வெள்ளிதோறும் செபிக்கின்ற இறை இரக்கப் பக்தியின் கதை இன்னும் அண்மையது. போலந்து நாட்டுக் கன்னியர் பவுஸ்தினாவின் எழுத்துகளைப் பரப்புவதற்கு 1959இல் உரோமை தடை விதித்தது. தவறான மொழிபெயர்ப்புகளும் அதற்கு ஒரு காரணமாயின. 1978இல் தடை நீங்கிற்று. 2000ஆம் ஆண்டில் அதே அருள்சகோதரி புனிதராக உயர்த்தப்பட்டார். பட்டியல் போடுகிறவர்களும் பிறர் சொல்லக் கேட்டே போடுகின்றனர். அவர்களுக்கு வரும் செய்தி பிழையாயின் பட்டியலும் பிழையாகும். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றி வெளியிட்ட விதித்தொகுப்பு, தேர்ந்து கொள்ளும் பொறுப்பைப் பயன்படுத்துவோரின் மனச்சான்றிடமும் ஒப்படைத்தது. அதாவது, அந்த இளைஞர் நம்மிடம் கேட்ட பட்டியலைத் திருச்சபை தானே கைவிட்டு, அவருடைய மனச்சான்றை நோக்கித் திரும்பி நிற்கிறது. அம்மனச்சான்றை எப்படிப் பயிற்றுவிப்பது என்பதே இன்றைய கேள்வி.

அதற்கான ஆசிரியரைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திண்டிவனத்திலிருந்து பேருந்தேறினால் மேற்கே செஞ்சிக் கோட்டை, தென்கிழக்கே புதுச்சேரி. அப்புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சிடம் தலைமைத் துபாசியாக விளங்கியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் பிறந்து, புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த 1761 சனவரியிலேயே இறந்தார். வணிகர், பன்மொழி அறிந்தவர், கிறிஸ்தவர் அல்லர். 1736 செப்டம்பர் முதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அவர் தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பு, அவர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1846இல் கண்டெடுக்கப்பட்டது. சென்னை அரசு அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது.

பிள்ளை தம் குறிப்பின் தொடக்கத்திலேயே, காதில் விழுந்தவை வேறு, கண்ணால் பார்த்தவை வேறு என்று பிரித்தே தம் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறார். அவருடைய காலம் நம் காலத்தைப் போலவே வதந்திகளின் காலம். 1750 செப்டம்பரில் செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை பிடித்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஐதராபாத்து நாசிர் சங் செஞ்சிப் பகுதியில் தம் பாளையத்திலேயே கொல்லப்பட்டார். இன்று நாம் மிதிவண்டியிலும் பேருந்திலும் கடக்கும் இந்தச் செம்மண் வழிகளில் ஓலையும் கடிதமும் சுமந்து தூதர் ஓடினர். ஓடிவந்தவர் சொன்னதையெல்லாம் பிள்ளை ஒரே தட்டில் வைக்கவில்லை. நாள், கிழமை, பொழுது குறித்து, இன்னார் வந்தார், இன்னார் சொன்னார், இன்ன ஊரிலிருந்து கடிதம் வந்தது என்று சொன்னவரையும் சேர்த்தே எழுதினார். வணிகரல்லவா? கணக்கில் பெயரில்லாத வரவை ஏற்கலாகாது என்பது அவருக்குப் பழகிய ஒழுங்கு. இன்று நம் கைப்பேசிக்கு வரும் செய்திகளுள் பெரும்பாலானவற்றுக்குப் பெயரே இல்லை. 'வந்ததை அனுப்பினேன்' என்பதுதான் அனுப்பியவரின் விடை.

பிள்ளையும் பழுதற்றவர் அல்லர். தம் பெருமையை அடிக்கடி சொல்லிக்கொள்வார். சோதிடத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். ஆளுநரின் மனைவி மீது அவருக்கிருந்த கசப்பு பக்கத்திற்குப் பக்கம் தெரியும். ஆகவே அவரையும் கண்ணை மூடிக்கொண்டு பின்செல்லுதல் இயலாது. ஆயினும், நம் திருச்சபையின் உறுப்பினர் அல்லாத இம்மனிதரிடமிருந்து நாம் அறிந்துகொண்டவற்றை வேறு எவரிடமிருந்தும் அவ்வளவு அணுக்கமாக அறிந்திருக்க முடியாது. இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்வோம்.

1748 செப்டம்பரில் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் பொசுகாவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நாட்களில், இயேசு சபையார் ஆலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. இதனைப் பிள்ளை நெஞ்சு வெந்து எழுதுகிறார். அவ்விடத்தில் சம்மட்டியோடு வந்து இலிங்கத்தை உதைத்து உடைத்தவர் என்று அவர் குறிப்பிடுவது ஓர் இயேசு சபைக் குருவை. அவர் பெயர் கெர்தூ.

அதே அருட்தந்தை கெர்தூவை வேறோர் ஏட்டிலும் நாம் சந்திக்கலாம். இயேசு சபையார் உலகெங்கிலுமிருந்து எழுதிய கடிதங்கள் 1702 முதல் பாரிசில் தொகுதி தொகுதியாக அச்சாயின. பக்தியை வளர்க்கும் மடல்கள் என்பது அத்தொகுப்பின் பெயரில் ஒரு பாதி. பெயரே நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. அதில் 1742இல் கெர்தூ எழுதிய மடல், நம் கடற்கரைத் துணிகளுக்கு வண்ணமேற்றும் கலையைப் படிப்படியாக விளக்குகிறது. கடுக்காயும் பாலும் சேர்த்துத் துணியைப் பதப்படுத்துவது முதல் சாயவேர் கொண்டு சிவப்பேற்றுவது வரையில், இங்கிருந்த தொழிலாளரிடம் கேட்டறிந்து எழுதினார். 1767இல் அவர் பாரிசுக் கல்விக்கழகத்திற்கு எழுதியனுப்பிய கட்டுரை, வடமொழிக்கும் இலத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் இடையேயுள்ள உறவை, வில்லியம் ஜோன்சு 1786இல் கல்கத்தாவில் பேசுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே எடுத்துக்காட்டியது. 1779இல் புதுச்சேரியிலேயே அவர் இறந்தார். இந்து மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றித் துபுவா அடிகள் எழுதியதாக உலகம் நெடுங்காலம் போற்றிய நூல், கெர்தூவின் கைப்படியைப் பெரிதும் தழுவியது என்று சில்வியா முர் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் 1980களில் நிறுவினார். ஒருவர் எழுதியதை மற்றவர் பெயரில் பரப்புவதும் புதிய நோய் அன்று!

இப்பொழுது இளைஞர் காட்டிய இரண்டு பக்கங்களுக்குத் திரும்புவோம். ஒரு பக்கம் மொழியறிஞர் கெர்தூவை மட்டும் காட்டுகிறது. மற்றது சம்மட்டி ஏந்திய கெர்தூவை மட்டும் காட்டுகிறது. இரண்டிலும் ஆதாரம் உண்டு. எனினும் இரண்டிலும் மனிதர் இல்லை. வேற்று மக்களின் மொழியையும் தொழிலையும் அவ்வளவு பொறுமையோடு கற்றுக்கொண்டவர், அம்மக்கள் வணங்கியதை எவ்வாறு அவ்வாறு நடத்தினார்? அந்தக் கேள்வி எழுவதே இரண்டு ஏடுகளையும் அருகருகே வைக்கும்போதுதான். கேள்வி எழுந்தால்தான் மனவருத்தம் எழும். மனவருத்தமின்றி மன்னிப்பும் இல்லை, மனமாற்றமும் இல்லை என்பதை ஒப்புரவு அருட்சாதனம் நமக்குக் கற்பித்திருக்கிறது.

இரண்டாம் நிகழ்ச்சி நமக்கு இன்னும் நெருங்கியது. 1745 அக்டோபர் நாட்களில் பிள்ளை எழுதுகிறார்: புதுச்சேரிச் சம்பா கோயிலின் உள்ளே வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. சுவரின் ஒரு புறம் பறையர் கிறிஸ்தவர், மறுபுறம் சாதிக் கிறிஸ்தவரும் ஐரோப்பியரும். ஒடுக்கப்பட்ட அக்கிறிஸ்தவர்கள் பெரிய குருவிடம் சென்று, தாங்களும் இதே வேதத்தில் சேர்ந்தவர்களாயின் ஆண்டவர் முன்னிலையில் இப்பிரிவு ஏன் என்று கேட்டனர். அவர்கள் கேட்டது நியாயம் என்று கண்ட குரு, சுவரை இடிக்கச் செய்தார். சாதிக் கிறிஸ்தவர் வெகுண்டெழுந்து குருக்களோடு வாதிட்டனர். பூசல் ஆளுநர் வரையில் சென்றது.

கிறிஸ்தவர் அல்லாத ஒருவர், தாமும் சாதி ஒழுக்கத்தைப் பேணியவர், நம் ஆலயத்துச் சுவரைப் பற்றி எழுதிவைத்திராவிடில், அதனை இடிக்கச் சொல்லிக் கேட்ட அந்த எளியவர்களின் துணிவும் நமக்கு இவ்வளவு தெளிவாகக் கிட்டியிராது. நம்மைப் புகழும் ஏடுகளை மட்டும் தொடர்ந்திருந்தால், நாம் வெட்கப்பட வேண்டியதை மட்டுமன்றிப் பெருமைப்பட வேண்டியதையும் இழந்திருப்போம்.

அச்சுவர் இடிந்து 263 ஆண்டுகள் சென்றபின், 2008 மார்ச்சில், அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் நடந்ததை நம் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். தனிப் பங்கு வேண்டும் என்று கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட மோதலில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். ஒரே செபமாலை அன்னையின் பிள்ளைகள். அந்நாட்களில் ஊர்த்தெருவில் ஒரு கதை, காலனியில் ஒரு கதை. நம் குருக்கள் இல்லங்களிலும் கூட, நாம் எந்தத் தெருவில் பிறந்தோமோ அந்தத் தெருவின் கதையே முதலில் நம் செவிக்கு வந்தது என்பதை மறைக்க இயலாது. செங்கல் சுவர் இடிந்துபோன இடத்தில் செவிச்சுவர் நின்றுகொண்டிருந்தது.

இதனை எழுதும் நாமும் அச்சுவருக்கு வெளியே நிற்பவரல்லோம். சில ஆண்டுகளுக்கு முன், திண்டிவனம் பகுதியில் ஒரு சிற்றூர்ப் பங்கில் பணியாற்றினோம். ஆண்டுத் திருவிழாவிற்கு முந்தைய வாரம். தேர்ப்பவனி காலனித் தெருவிற்குள்ளும் வர வேண்டும் என்ற பழைய கோரிக்கை அவ்வாண்டும் எழுந்திருந்தது. ஒரு வெள்ளி இரவு நம் கைப்பேசிக்கு ஒரு குரற்செய்தி வந்தது: காலனிப் பையன்கள் கொடிமரத்தைச் சாய்த்துவிட்டார்கள். அனுப்பியவர் நாள்தோறும் திருப்பலிக்கு வருகிறவர், வாசகம் படிப்பவர். விடிந்து பார்த்தோம். கொடிமரம் உண்மையாகவே சாய்ந்து கிடந்தது. அதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று எண்ணினோம். சனி மாலைத் திருப்பலியில், பெயர் குறிப்பிடாமல், ஆனால் எல்லாருக்கும் விளங்கும்படி, கடுமையாகவே பேசினோம். பின்வரிசையிலிருந்து சிலர் எழுந்து வெளியே சென்றனர்.

திங்களன்று பந்தல் குழாய் ஏற்றி வந்த லாரி ஓட்டுநர் தாமாகவே வந்து, இருட்டில் வண்டியைப் பின்னே எடுத்தபோது கொடிமரத்தில் இடித்துவிட்டதாகவும், பயத்தில் சொல்லாமல் போனதாகவும் ஒப்புக்கொண்டார். அடுத்த ஞாயிறு பீடத்தின் முன் நின்று மன்னிப்புக் கேட்டோம். ஆனால் காலனியைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர் மூன்று மாதங்கள் ஆலயத்திற்கு வரவில்லை. வீடு தேடிச் சென்றோம். அமரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். கோபமாக எதுவும் சொல்லவில்லை. "எங்கள்ல ஒருத்தரக் கூப்ட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சாமி" என்றார். அவ்வளவுதான்.

நாம் பொய்யரை நம்பவில்லை, நல்லவரைத்தான் நம்பினோம். அவரும் பொய் சொல்லவில்லை; கேட்டதைச் சொன்னார். குறை எங்கே என்றால், நம் செவிக்கு வரும் வழிகள் எல்லாம் ஒரே தெருவிலிருந்து தொடங்கின. அத்தெருவுக்கு வெளியே ஒரு குரலையும் நாம் தேடி வைத்திருக்கவில்லை.

இவ்வாறான தவறு எங்கு கொண்டுபோய் விடும் என்பதையும் நம் அண்டை மாவட்டத்தில் கண்டோம். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த குடும்பத்தைச் சேர்ந்த முதிய பெண்மணி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் வந்திருக்கின்றனர் என்று வாட்ஸ்அப்பில் பரவியிருந்த பொய்ச்செய்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. அச்செய்தியை அனுப்பிய ஒவ்வொருவரும் தம் பிள்ளைகளைக் காக்கவே அனுப்பியிருப்பர். அவ்வாண்டு சூலையில் அந்நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு வரம்பு கட்டியது. கைக்கு வரம்பு கட்டலாம். நம்ப விரும்பும் நெஞ்சிற்கு எந்த நிறுவனம் வரம்பு கட்டும்?

சமூக ஊடகங்களின் அமைப்பே இச்சுவரை உயர்த்துகிறது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். நாம் எதில் நெடுநேரம் நிற்கிறோமோ அதனையே கணிப்பொறி மேலும் மேலும் கொண்டுவந்து குவிக்கிறது. சினம் கொண்டு நின்றாலும் அதற்கு ஒன்றே, அன்பு கொண்டு நின்றாலும் ஒன்றே. நின்றால் போதும், விளம்பரம் விற்கும். ஒத்த கருத்துடையோரை ஒரே கூட்டில் அடைக்கும் இப்போக்கினைத் திருப்பீடத்தின் சமூகத்தொடர்புத் துறை 2023 மே 28 நாளிட்ட ஏட்டில் கவலையோடு சுட்டிக்காட்டியது. அவ்வேடு முழுவதற்கும் அடிப்படையாய் அமைந்தது நல்ல சமாரியர் உவமை. எவ்வளவு பொருத்தம்! அடிபட்டுக் கிடந்த யூதர், தாமாகத் தெரிந்துகொள்ளச் சொல்லியிருந்தால் குருவையும் லேவியரையுமே பின்தொடர்ந்திருப்பார். சமாரியர் அவருடைய பட்டியலில் இருந்திருக்கவே மாட்டார். உயிர் வந்ததோ அப்பட்டியலுக்கு வெளியிலிருந்து.

இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் அந்த இளைஞரிடம் சொல்லவில்லை. இரண்டு மூன்று ஞாயிறுகள் ஆயின. இறுதியில் பட்டியலுக்கு மாறாகச் சில கேள்விகளைக் கொடுத்தோம். ஒரு கணக்கைப் பின்தொடருமுன், இவர் கண்டதைச் சொல்கிறாரா, கேட்டதைச் சொல்கிறாரா, கேட்டதாயின் யாரிடம் என்று சொல்கிறாரா எனப் பார்க்க வேண்டும். இது பிள்ளையின் நாட்குறிப்பு தந்த பாடம். இதனை நான் நம்புவதால் இவருக்கு என்ன வருகிறது, காசா, வாக்கா, கைதட்டலா, அல்லது பக்தியின் பெருமையா என்று கேட்க வேண்டும்; இது பக்தி மடல்கள் தந்த பாடம். தவறியபோது தவறினேன் என்று எப்போதேனும் சொல்லியிருக்கிறாரா என்று தேட வேண்டும். பேதுருவின் மறுதலிப்பை மறைக்காத நற்செய்தி தந்த பாடம் அது. கடைசியாக, நான் பின்தொடர்வோரில் எனக்கு நோகும் உண்மையைச் சொல்லக்கூடியவர், சுவருக்கு அப்பாலிருந்து பேசுகிறவர், ஒருவரேனும் இருக்கிறாரா? இது அந்தக் கைம்பெண் தந்த பாடம். ஒருவரும் இல்லையாயின், நானூறு கணக்குகள் இருந்தும் நான் கேட்பது ஒரே குரலைத்தான், அதுவும் என் குரலைத்தான்.

எல்லாக் குரலையும் கேட்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வெறுப்பை விற்பவரையும், உடலை இழிவுசெய்பவரையும், அச்சமூட்டிக் காணிக்கை கேட்பவரையும் விலக்குவதற்குத் தயங்க வேண்டியதில்லை. மார்சியனைத் திருச்சபை விலக்கத்தான் செய்தது. ஆனால் விலக்கும்போதும், அவர் வெட்டியெறிந்த ஏடுகளை எடுத்துச் சேர்த்து வைத்துக்கொண்டது. பொய்யை விலக்குவது வேறு, நோவை விலக்குவது வேறு. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளும்போதுதான் நாம் வழி தவறுகிறோம்.

ஒரு மாதம் கழித்து அவ்விளைஞர் மீண்டும் வந்தார். கணக்குகளுள் பாதிக்கு மேல் நீக்கிவிட்டதாகச் சொன்னார். கோயில் இடித்த கதையைச் சொல்லும் பக்கத்தை நீக்கினீரா என்று கேட்டோம். "இல்ல சாமி. ரெண்டையும் வச்சிருக்கேன். ரெண்டு பேரும் சொல்லாதத நாட்குறிப்புல தேடிப் படிக்கிறேன்" என்றார். மகிழ்ந்தோம். பிறகு அவர் சற்றுத் தயங்கி, "உங்கள ஒண்ணு கேக்கலாமா சாமி? நம்ம பங்கு வாட்ஸ்அப் குழுவுல காலனியிலேர்ந்து இருபது பேருக்கு மேல இருக்காங்க. இது வரைக்கும் ஒருத்தர்கூட ஒரு வரி எழுதினதில்ல. பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

நாம் பார்த்திருக்கவில்லை. பாடம் நடத்தியவர் நாம், படித்தவர் அவர். அன்று மாலை அக்குழுவைத் திறந்து, ஓராண்டுச் செய்திகளை மேலேறி மேலேறிப் பார்த்தோம். அவர் சொன்னது மெய். அடுத்த வாரம் முதல் வியாழன்தோறும் மாலையில் காலனித் தெருவில் செபக்கூட்டத்தை வைத்துக்கொண்டுள்ளோம். செபம் முடிந்ததும் நாம் பேசுவதில்லை. அமர்ந்து கேட்கிறோம். முதல் இரண்டு வாரங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் ஒரு பாட்டி, தேர்ப்பவனி எந்த வழியாகப் போகிறது என்று தொடங்கினார்.